வந்த ஓலையும் வைத்த இடமும்

எழுத்து வழக்கிலுள்ள சமுதாயம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கடமைகள் உண்டு. எழுதவேண்டியதை எழுதுதல் ஒன்று. எழுதி வந்ததைப் பேணிவைத்து, வேண்டியபொழுது எடுத்தல் மற்றொன்று. முன்னையதைப் பற்றி இலக்கணமும் இலக்கிய வரலாறும் விரிவாகப் பேசுகின்றன. பின்னையதைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலர். ஆயினும், அரசனுடைய ஆட்சியும், அறிஞனுடைய பதிப்பும், குடும்பத்தினுடைய காணியும் பின்னையதையே பற்றி நிற்கின்றன என்பது சிறிது சிந்திப்பார்க்கும் புலனாகும்.

இன்று நல்லூரிலே வாழும் ஓர் ஆசிரியர் தம் கைத்தொலைபேசியைத் திறந்து, 'இன்பொக்ஸ்' என வழங்கும் மின்னஞ்சல் வருகைப்பெட்டியை நோக்குகின்றார் என்று கொள்வோம். ரொறன்ரோவிலிருந்து தமையனார் அனுப்பிய காணி உறுதியின் பிரதி, பரீட்சை பற்றிய அறிவித்தல், வங்கிக் கணக்கு, மாணவன் ஒருவனின் ஐயவினா, புடைவைக் கடையின் விளம்பரம் ஆகிய அனைத்தும் அங்கே ஒரே வரிசையில், ஒரே அளவிலான எழுத்தில், ஒன்றன்மேலொன்றாய்க் கிடக்கின்றன. வந்த நேரம் ஒன்றே அவற்றை வரிசைப்படுத்துகின்றது; தகுதி வரிசைப்படுத்துவதில்லை. இவற்றை எவ்வாறு ஒழுங்குசெய்தால் காலம் மிஞ்சும் என்பதே இன்று பலரும் வினவும் வினா. வினா புதியதுபோலத் தோன்றினும் பொருள் பழையது. நம் முன்னோரும் அயலாரும் இதற்குக் கண்ட விடைகளை வரலாற்று முறையில் ஆராய்ந்து, அவற்றுள் இன்று கொள்ளத்தக்கன யாவை, தள்ளத்தக்கன யாவை எனத் துணிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலைநாயகம்

சோழப் பெருமன்னர் காலத்துச் செப்பேடுகள் அக்காலத்து ஆவண முறையைத் தெளிவாகக் காட்டுவன. முதலாம் இராசராசன் (985–1014) நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியைக் கூறும் பட்டயம் 'லெய்டன் செப்பேடுகள்' என்ற பெயரால் அறிஞர் நன்கறிந்தது. அக்காலத்துப் பட்டயங்களிலே அரசனுடைய வாய்மொழி ஒரே பாய்ச்சலில் ஆணையாகிவிடுவதில்லை. அரசன் சொல்லியதைக் கேட்டுக் கொள்பவன் 'திருவாய்க்கேள்வி'; அதனை ஓலையில் எழுதுபவன் 'திருமந்திர ஓலை'; எழுதியது சரியென ஒப்புபவன் 'திருமந்திர ஓலைநாயகம்'. பின்னர் அஃது 'புரவுவரித் திணைக்களம்' சென்று, வரிப்பொத்தகத்திலே பதியப்படும். ஆணை பிறந்த நாள் வேறாகவும், அது வரியிலிட்ட நாள் வேறாகவும் குறிக்கப்படும்.

இம்முறையிலிருந்து நாம் அறிவது யாது? ஓலை வந்தது என்பதும், ஓலை ஏற்கப்பட்டது என்பதும், ஓலையின்படி காரியம் முடிந்தது என்பதும் மூன்று வேறு நிலைகள் என்பதைச் சோழர் அறிந்திருந்தனர் என்பதே. இன்றைய வருகைப்பெட்டியின் பெருங்குறை, இம்மூன்றனையும் அது வேறுபடுத்தாமையேயாம். படித்த கடிதம் படிக்காத கடிதம் என்னும் ஒரே வேற்றுமைதான் அங்கே இயல்பாக உண்டு. படித்துவிட்டமையால் முடித்துவிட்டதாக மயங்குதலும், முடிக்காமையால் மீண்டும் மீண்டும் படித்தலும் இக்குறையின் பயன்களே.

நல்லூரும் ஒல்லாந்தர் கந்தோரும்

ஆரியச்சக்கரவர்த்திகளின் இராசதானியாய் விளங்கியது நல்லூர். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. நல்லூர் அரசரைப் பற்றி நாம் இன்று அறிவனவற்றுட் பெரும்பகுதி கல்வெட்டுகளாலும், நாணயங்களாலும், பின்னெழுந்த நூல்களாலும், அயலார் குறிப்புகளாலும் வந்ததேயன்றி, அவ்வரசவையின் ஓலைக் கருவூலத்தால் வந்ததன்று. ஓர் அரசு தான் பெற்ற ஓலைகளை எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தாலும், அவை ஒரே இடத்தில் மட்டும் இருந்தால், அவ்விடம் அழியும்போது அவ்வரசின் நினைவும் உடன் அழியும்.

ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி இதற்கு மாறான வழக்கமுடையது. வந்த கடிதங்கள் ஒரு தொகுதி. சென்ற கடிதங்கள் வேறொரு தொகுதி. ஆலோசனைச் சபையின் தீர்மானங்கள் மற்றொரு தொகுதி. அன்றாட நிகழ்ச்சிக் குறிப்பு இன்னொரு தொகுதி. ஆண்டுதோறும் இவை கட்டடம் செய்யப்பட்டன. முக்கியமானவற்றின் பிரதிகள் பத்தாவியாவுக்கும், அங்கிருந்து ஒல்லாந்துக்கும் அனுப்பப்பட்டன. அதனாலேதான், பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளின் யாழ்ப்பாண வரலாற்றை எழுதப் புகுவோர் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தையும், ஹேக் நகரத்துக் காப்பகத்தையும் நாடவேண்டியவராகின்றனர். இக்கம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் 'உலக நினைவு' ஏட்டிலே சேர்க்கப்பட்டன.

இவ்வாவண வழக்கம் நம் பேச்சிலும் தன் சுவட்டைப் பதித்துச் சென்றிருக்கின்றது. 'கந்தோர்' என்று நாம் வழங்குஞ் சொல் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தது. மேசையின் 'லாச்சி'யும் அவ்வாறே. 'அலுமாரி'யும் காணிப் பதிவேடாகிய 'தோம்பு'ம் போர்த்துக்கேயச் சொற்களின் வழிவந்தன. எழுதும் கருவிகளாகிய ஓலைக்கும் ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் தமிழே பெயர் தந்தது. எழுதியதை வைக்கும் தளபாடங்களுக்கோ அயன்மொழிப் பெயர்கள் வந்து வாய்த்தன. இவ்வேறுபாடு சிந்தனைக்குரியது.

ஒல்லாந்தரிடமிருந்து கொள்ளத்தக்க இன்னுமொரு வழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்துக் கொமாந்தராயிருந்த ஹென்றிக் சுவார்டகுரூன் 1697இல் மலையாளக் கரைக்குச் செல்ல நேர்ந்தபோது, தாம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணச் சபையார் நடக்கவேண்டிய முறைபற்றி ஒரு நீண்ட குறிப்பை எழுதிவைத்தார். 1911இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கொழும்பிலே வெளிவந்தது. பதவி கைமாறும்போது இத்தகைய குறிப்பு எழுதுதல் கம்பனியின் பொது வழக்கம். பின்வருபவன் ஆயிரங் கடிதங்களைப் படித்து அறியவேண்டியதை ஒரு குறிப்பைப் படித்து அறிதல் கூடும். ஒழுங்கு என்பது அடுக்கிவைத்தல் மாத்திரமன்று. அடுக்கியதன் சாரத்தைப் பிறர் அறியும்படி சொல்லிவைத்தலும் ஒழுங்கேயாம்.

காத்தலும் கழித்தலும்

ஓலைச்சுவடிக்கு வாழ்நாள் அளவுபட்டது. செல்லும் ஈரமும் பூச்சியும் அதனை அழிக்கும். ஆதலால், சில தலைமுறைக்கு ஒருமுறை பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதவேண்டும். எதனை எழுதுவது, எதனை விடுவது என்னுந் தெரிவு இதனால் இன்றியமையாததாயிற்று. ஓலையின் மெலிவே தெரிவு என்னும் ஒழுக்கத்தைத் தமிழ்ப் புலவருக்குக் கற்பித்தது எனலாம்.

தெரியாது கழித்தலின் கொடுமையை டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றிலே பதிவு செய்திருக்கின்றார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலே குவிந்து கிடந்த பழைய ஏடுகள் ஓமத் தீயில் இடப்பட்ட செய்தியை அவர் அங்கே சென்று கேட்டறிந்து வருந்தினார். அவ்வேடுகளைக் கழித்தவர் பகைவரல்லர். இடத்தைத் துப்புரவு செய்ய எண்ணியவரே. எதையும் பிரித்துப் பாராது குவித்துவைத்ததன் முடிவு, எதையும் பிரித்துப் பாராது கொளுத்தியதாயிற்று. மின்னஞ்சற் பெட்டி நிரம்பிவிட்டதென்று வெறுத்து, ஓராண்டுக் கடிதங்களை ஒருங்கே அழிப்பவர் செய்வதும் இதனின் வேறன்று.

அதே ஐயர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணிய முறை இதற்கு நேர்மாறானது. அவருக்குப் புலவரும் செல்வரும் மாணவரும் எழுதிய கடிதங்கள் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்திலே காக்கப்பட்டுள்ளன. 1877 முதல் 1900 வரையுள்ள கடிதங்களைக் கொண்ட முதற்றொகுதி 'கடிதக் கருவூலம்' என்னும் பெயரோடு, ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பாசிரியராக, 2018இல் வெளிவந்தது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) ஐயருக்கு எழுதிய கடிதங்களும் அவற்றுள் அடங்கும். சீவகசிந்தாமணியும் கலித்தொகையும் 1887இல் அச்சேறிய காலத்து நிகழ்ச்சிகளை ஆராய்வோர்க்கு அக்கடிதங்கள் நேர்ச்சான்றாகும்.

நல்லூரிலே தோன்றிய ஆறுமுகநாவலர் (1822–1879) நூல்கள் பலவற்றைப் பதிப்பித்ததோடமையாது, காலத்துக்குக் காலம் தனித்தாள்களாகவும் சிறு பிரசுரங்களாகவும் பலவற்றை வெளியிட்டார். நூல் நிற்கும், தனித்தாள் பறக்கும். அவற்றுட் பல இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பது, த. கைலாசபிள்ளை அவற்றைத் தேடி 'ஆறுமுகநாவலர் பிரபந்தத்திரட்டு' எனத் தொகுத்தமையாலேயே. தாமே தொகுத்து வைக்க நேரமில்லாத பெரியோர்க்குப் பின்வந்தோர் தொகுப்பாளராய் வாய்த்தனர். எல்லோர்க்கும் அவ்வாறு வாய்க்கும் என்று எதிர்பார்த்தல் இயலாது.

கிளாக்கர் காலம்

1840க்கு முன்னர் பிரித்தானியாவிலே கடிதத்தின் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்துவர். தூரத்துக்கும் தாளின் தொகைக்கும் ஏற்பக் கட்டணம் ஏறும். றோலன்ட் ஹில் வகுத்த ஒருபென்னித் தபால் முறையும் முத்திரையும் 1840இல் வழக்குக்கு வந்தபின், கட்டணம் அனுப்புபவர் தலையிலே சென்றது. இலங்கையிலே தபால் முத்திரை 1857இல் வெளியிடப்பட்டது. கட்டணம் குறைந்தமையாற் கடிதம் பெருகியது. கடிதம் பெருகியமையாற் கந்தோர்கள் அதனை ஆள வழி தேடின.

அவ்வழி தேடியதனால் வாழ்வு பெற்ற ஊர்களுள் யாழ்ப்பாணம் முதன்மையானது. ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் கச்சேரிகளிலும் தபாற்கந்தோர்களிலும், கடல் கடந்து மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் திறைசேரியிலும் கிளாக்கர்களாய் அமர்ந்தனர். தைப்பிங்கிலிருந்து வெல்ட் துறைக்கு மலாயாவின் முதற் புகையிரதப் பாதை 1885இல் திறக்கப்பட்டதன் பின்னர், அந்நாட்டுக் கந்தோர்களிலே யாழ்ப்பாணத்தார் பெருந்தொகையினராயினர். அவர் அனுப்பிய பணத்தினாலும், பின்னர்ப் பெற்ற பென்சன் பணத்தினாலும் எழுந்த கல்வீடுகள் குடாநாடெங்கும் உண்டு. பிறருக்கு வந்த கடிதங்களை ஒழுங்குசெய்யுந் திறமையே அவ்வீடுகளின் அத்திவாரம் என்றால் அது மிகையாகாது.

அக்கந்தோர்களிலே வேலை பகுக்கப்பட்டிருந்தது. வந்த கடிதத்துக்கு நாளும் இலக்கமும் இட்டு இடாப்பிலே பதிபவர் ஒருவர். அதனை உரிய கோவையிற் சேர்த்து, விடைக்கு வரைவு எழுதுபவர் ஒருவர். படித்து முடிவு கூறிக் கையொப்பமிடும் துரை ஒருவர். காரியம் முடிந்த கோவையை வைப்பறையிற் காப்பவர் ஒருவர். கடிதங்களை மடித்து, முதுகிற் குறிப்பெழுதி, சிறு மாடங்களிற் செருகுவதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நிலவிய முறை. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிலே தாள்களை மடிக்காது நிறுத்திவைக்கும் கோவைப்பெட்டி காட்டப்பட்டுப் பரிசு பெற்றது. ஒரு பொருள்பற்றி வந்த கடிதமும் சென்ற விடையும் ஒரே உறையுள் அருகருகே நிற்கும் வசதி அதனால் வாய்த்தது.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. இன்று மின்னஞ்சல் பெறும் ஒவ்வொருவரும் பதிகாரரும், கோவைக்காரரும், துரையும், வைப்பறைக் காவலரும் ஆகிய நால்வரும் தாமேயாய் இருக்கவேண்டியவராகின்றனர். நால்வர் வேலையை ஒருவர் செய்தல் அரிதன்று. நால்வர் வேலையையும் ஒரே கணத்திற் செய்ய முயல்வதே அரிது. காலம் வீணாவதற்கு முதற்காரணம் இதுவே என்பது எம் துணிபு.

நான்காம் விதி

கடிதத்தை விட்டு நூலுக்கு வருவோம். ஏனெனில், வைத்ததை விரைந்து எடுத்தல் என்னும் பிரச்சினையை நூலகத்தாரே கலையாக வளர்த்தனர். சீகாழியிலே 1892இற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்து, 1931இல் நூலக விதிகள் ஐந்தனை வகுத்து நூலாக்கினார். அவற்றுள் நான்காவது விதி வாசகரின் காலத்தைச் சேமிக்கவேண்டும் என்பது. 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையோ, ஒரு நூலை ஒரே தலைப்பில் அடக்காது, பொருள், செயல், இடம், காலம் முதலிய பல முகங்களால் நோக்குவது. நூல் ஓரிடத்திலேதான் நிற்கமுடியும். ஆனால், அதனைச் சுட்டும் அட்டைகள் பலவிடத்தில் நிற்கலாம்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் அரங்கநாதனுக்கும் நேர்த்தொடர்பு உண்டு. க. மு. செல்லப்பா என்பார் 1933இலே தம் இல்லத்திற் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி வளர்ந்து, 1950களில் பெருங்கட்டடமாக உருவெடுத்தபோது, அதன் அமைப்புக்கு ஆலோசகராயிருந்தவர் அவரே. 1959இல் அக்கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய தீ ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏட்டுச் சுவடிகளையும் சாம்பராக்கியது. ஒழுங்கு குறைந்தமையால் நேர்ந்த அழிவன்று அது. ஒழுங்கின் நிறைவிலே நேர்ந்தது. மறுபிரதி இல்லாத ஏடுகளும் அங்கே இருந்தன. எனவே, நான்காம் விதியோடு யாழ்ப்பாணத்தார் தம் அனுபவத்தால் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்: இழக்கலாகாத ஒன்று ஓரிடத்தில் மாத்திரம் இருத்தலாகாது.

மின்னஞ்சல் எழுந்த வரலாறு

1965இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திலே, ஒரே கணினியைப் பகிர்ந்தாண்டவர்கள் ஒருவர்க்கொருவர் செய்தி விட்டுச்செல்லும் முறை அமைந்தது. 1971இல் றே தொம்லின்சன் என்னும் பொறியியலாளர், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பும் வழியைக் கண்டு, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க 'அற்' என்னுங் குறியைக் கையாண்டார். ஏழாண்டு கழிந்ததும், 1978 மே மாதத்திலே, கணினிக் கம்பனி ஒன்றின் விளம்பரம் ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒருங்கே அனுப்பப்பட்டது. வேண்டாக் கடிதத்தின் வரலாறு அங்கே தொடங்குகின்றது.

முன்னே கூறிய தபாற் கட்டணத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். 1840இற் பெறுபவர் தலையிலிருந்து இறக்கப்பட்ட சுமை, மின்னஞ்சலால் மீண்டும் பெறுபவர் தலையில் ஏறியிருக்கின்றது. ஒரு கடிதத்தை ஒருவருக்கு அனுப்பினாலும் ஓராயிரம் பேருக்கு அனுப்பினாலும் அனுப்புபவருக்குச் செலவு ஏறத்தாழ ஒன்றே. பெறுபவர் ஆயிரவரும் தத்தம் நேரத்தைக் கட்டணமாகச் செலுத்துகின்றனர். முன்னாளில் பணமாகச் செலுத்தியமையால் வேண்டாத கடிதத்தை ஏற்க மறுத்தனர். இன்று நேரமாகச் செலுத்துதலின், செலுத்துவதையே உணராதிருக்கின்றனர்.

2004 ஏப்பிரல் 1ஆம் நாள் கூகிள் கம்பனி 'ஜீமெயில்' சேவையைத் தொடங்கியது. பிற சேவைகள் 2 அல்லது 4 மெகாபைற்று இடமே தந்த காலத்தில் அது 1 கிகாபைற்று தந்தது. கடிதத்தை அழிக்கவேண்டிய தேவை நீங்கியது, தேடுதல் எளிதாயிற்று, ஒரே கடிதத்துக்குப் பல பெயர்ச்சீட்டுகள் இடும் வசதியும் வந்தது. இப்பெயர்ச்சீட்டு அரங்கநாதனுடைய நூலக அட்டையின் உறவே. ஆனால், ஓலையின் மெலிவு கற்பித்த தெரிவு என்னும் ஒழுக்கம் இடத்தின் பெருக்கத்தால் மறக்கப்பட்டது.

அறிஞர் சிலர் இதனை ஆராய்ந்துள்ளனர். 1996இல் விற்றேக்கர், சிட்னர் என்னும் இருவர், மின்னஞ்சல் பெறுவோரை மூவகைப்படுத்தினர்: அன்றாடம் அடுக்குவோர், இடைக்கிடை பெருந்துப்புரவு செய்வோர், அடுக்காதே விடுவோர் என. 2011இல் விற்றேக்கரும் பிறரும் 345 பேருடைய 85,000க்கும் மேற்பட்ட தேடல்களை ஆராய்ந்தபோது வியக்கத்தக்க முடிபு ஒன்று வெளிப்பட்டது. கோவைகளைத் திறந்து தேடியவர்க்குச் சராசரி ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த நேரமும், சொல்லை இட்டுத் தேடியவர்க்கு ஏறத்தாழ 17 விநாடியும் சென்றன. பல கோவைகள் அமைத்தவர் அதனாற் கூடுதலான வெற்றி பெற்றாருமல்லர். நுணுக்கமான பகுப்பு காலத்தைச் சேமிக்கும் என்னும் நம்பிக்கை இதனாற் தளர்கின்றது.

எனினும், இம்முடிபை நம்மவர் அப்படியே கொள்ளுதல் பொருந்தாது. தேடல் சொல்லை நம்பியது. நம் கடிதங்களிலே சொல் ஒரு நிலைப்பட்டதன்று. தாமோதரம்பிள்ளை என்னும் பெயரின் முதலெழுத்தையே உரோம எழுத்தில் இருவிதமாக எழுதுவர். ஈழத்திலே நீண்ட காலம் வழங்கிய பாமினி எழுத்துருவில் அமைந்த கடிதம், இன்றைய ஒருங்குறித் தமிழில் தேடுபவர்க்கு அகப்படாது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் படமாக வருதலின், அவற்றுக்குப் பெரும்பாலும் இலக்கமே பெயராய் அமைகின்றது. உயிர்நாடியான ஆவணமே தேடலுக்கு மறைந்து நிற்பது நம் நிலை. ஆதலால், அன்றாடக் கடிதத்துக்குத் தேடல் போதும். ஆவணத்துக்கு அடுக்கு வேண்டும் என்று பிரித்துக் கொள்வதே முறை.

கொள்ளத்தக்கன

மேற்கூறியவற்றால் அறியக்கிடக்கும் நெறிகளைத் தொகுத்துரைப்பாம்.

முதலாவது, தபால் வரும் நேரம் உண்டு என்னும் பழைய வழக்கத்தை மீட்டல். 2015இல் கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்றிலே 124 பேர் பங்குபற்றினர். நாளுக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சல் பார்த்த வாரத்தில், விரும்பியபோதெல்லாம் பார்த்த வாரத்திலும் பார்க்க அவர்தம் மனவழுத்தம் குறைந்திருந்தது. காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை பெரும்பாலார்க்குப் போதும்.

இரண்டாவது, நால்வர் வேலையையும் வெவ்வேறு வேளைக்குப் பகுத்தல். முதலிற் பதிகாரர்போல் நின்று, வந்தவற்றைப் பிரித்தல் மாத்திரம் செய்க: கழிப்பது, உடன் விடை எழுதுவது, பின்னர்ச் செய்வது, காப்பது என நான்கு. இரண்டு நிமிடத்தில் முடியும் விடையை அப்பொழுதே எழுதுக. பின்னர்ச் செய்யவேண்டியதற்கு ஒரு குறி இட்டு, அதற்கென ஒரு நேரம் ஒதுக்குக. காரியம் முடிந்ததும் குறியை நீக்குக. அதுவே நம் வரியிலிட்ட நாள்.

மூன்றாவது, வேண்டாக் கடிதத்தை வாயிலிலேயே தடுத்தல். விளம்பரத்தை ஒவ்வொரு நாளும் அழிப்பது குப்பையை நாள்தோறும் பெருக்குவது போன்றது; அதன் அடியிலுள்ள விலகல் இணைப்பை ஒருமுறை அழுத்துவது குப்பை கொட்டுவாரை நிறுத்துவது போன்றது. ஆயின், முன்பின் அறியாத வஞ்சகக் கடிதத்தின் இணைப்பைத் தொடாது, அதனை வேண்டாக் கடிதமெனக் குறித்தலே பாதுகாப்பு.

நான்காவது, கோவைகள் சிலவாக இருத்தல். குடும்பம், தொழில், பணம், உறுதி என்னும் நான்கோ ஐந்தோ போதும். எங்கே வைப்பது என்று சிந்திக்கும் நேரம், எடுப்பதிற் சேமிக்கும் நேரத்தை மிஞ்சலாகாது.

ஐந்தாவது, தலையாயது. 1995 ஒற்றோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல் நீங்கித் தென்மராட்சி நோக்கிச் சென்றபோது, எடுத்துச் செல்லக் கூடியவை மிகச் சில. காணி உறுதி, பிறப்பு விவாகச் சான்றிதழ்கள், பரீட்சைப் பெறுபேறு, அடையாள அட்டை ஆகியவற்றை ஒரே பையில் இட்டு, எந்நேரமும் எடுக்கத்தக்க இடத்திலே வைத்திருந்த வீட்டார் அவற்றைக் கையோடு கொண்டேகினர். பல அலுமாரிகளிற் சிதறவிட்டவர் பின்னர்ப் பல்லாண்டு கந்தோர்களின் வாயிலில் நின்று, தாம் இன்னார், இஃது எம் காணி என்று நிறுவவேண்டியவராயினர். அப்பையே நாம் அறிந்த கோவைகளுட் சிறந்தது. மின்னஞ்சலிலும் அத்தகைய பை ஒன்று அமைக்க. உறுதியின் படம் வந்த அன்றே அதற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரிடுக. யாருடையது, எக்காணி, எவ்வாண்டு என்பன பெயரில் விளங்குக. வேறோரிடத்திலும் ஒரு பிரதி வைக்க. அதனோடு, சுவார்டகுரூன் விட்டுச்சென்றதுபோல, எங்கே எது உள்ளது எனக் கூறும் ஒரு பக்கக் குறிப்பை, வீட்டார் ஒருவர் அறிய எழுதிவைக்க. உடையவர் மறைந்தபின் திறக்க இயலாத பெட்டி, ஓமத் தீயிலிட்ட ஏட்டுக்குச் சமானம்.

முடிபு

காலத்தைச் சேமித்தல் என்னும் சொல்லை இக்காலத்தார் பெரும்பாலும் விநாடிக் கணக்காகவே கொள்ளுகின்றனர். வரலாறு காட்டும் கணக்கு அதனினும் விரிந்தது. ஐயர் காத்த ஒரு கடிதம் நூறாண்டுக்குப்பின் ஆராய்ச்சியாளர் ஒருவரின் பல மாத உழைப்பைச் சேமிக்கின்றது. ஒல்லாந்தர் அனுப்பிய ஒரு பிரதி, இங்கே அழிந்ததை அங்கே காட்டுகின்றது. பையிலிருந்த ஓர் உறுதி, ஒரு குடும்பத்தின் பத்தாண்டு அலைச்சலைத் தவிர்க்கின்றது. வந்த கடிதங்களுட் பெரும்பாலன கழிக்கத்தக்கன. மிகச் சிலவே காக்கத்தக்கன. அச்சிலவற்றைக் கண்டறிதற் பொருட்டே ஏனையவற்றை விரைந்து கழித்தல் வேண்டும்.

பிறர் கடிதங்களை ஒழுங்குசெய்து உலகிற் பெயர்பெற்ற மக்கள் நாம். அத்திறமையைத் தம் கடிதங்களிற் செலுத்தும் பொறுப்பு இன்று கல்வி கற்கும் இளைஞரைச் சார்ந்தது. தம் பெட்டியைத் திருத்தியபின், தந்தையாரின் பெட்டியையும் பேரனாரின் அலுமாரியையும் திறந்து பார்ப்பாராக. அங்கே மலாயாவிலிருந்து வந்த கடிதங்கள் இன்னும் இருத்தல் கூடும்.